நாலு பேரும் கசடு என்றார்கள்

என் வீட்டுக்காரருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அது பிழைப்பு. அதுபோக அவர் வானத்திலிருந்து விழுந்த கற்களைச் சேர்க்கிறவர். கல்யாணமான மறுவருடம் தொடங்கியது, பத்தொன்பது வருடம் ஆகிறது. சேர்க்கிறவர் என்றதும் பாறை பாறையாக வீட்டில் அடுக்கி வைத்திருப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் மறைந்துபோகும், அவ்வளவுதான் ஒவ்வொன்றும். எங்கோ ஒரு பாலைவனத்தில் ஒருவன் பொறுக்கி ஒரு வியாபாரிக்கு விற்பான். அவன் அதை அறுத்து இன்னொருவனுக்கு விற்பான். அவன் மறுபடி அறுப்பான். கடைசியில் ரம்பத்தின் பல்லில் ஒட்டிக்கொண்டதை இவர் வாங்குவார். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு வைத்து, அதன்மேல் துணுக்கை வைத்து, எங்கே விழுந்தது, எந்த வருடம், எத்தனை கிராம் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுவார். கல்லைவிடச் சீட்டு பெரிதாக இருக்கும்.

இதே பைத்தியம் பிடித்த இன்னும் மூன்று பேர் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை மூன்று மணிக்கு எங்கள் முன்னறையில் கூடுவார்கள். சங்கம் என்று பெயர். ஒருத்தர் லாரி வைத்து நடத்துகிறவர். அவரிடம் ஒன்றரைக் கிலோ இரும்பு விண்கல் ஒன்று இருந்தது. எதைப் பேச ஆரம்பித்தாலும் ஐந்தாவது வாக்கியத்தில் அந்த ஒன்றரைக் கிலோ வந்துவிடும், அதனால் என் வரையில் அவர் பெயரே ஒன்றரைக் கிலோ. இன்னொருத்தர் பல் டாக்டர். நோயாளி வாயில் விடுகிற அதே இயந்திரத்தால்தான் கல்லையும் அறுக்கிறார் என்பது என் சந்தேகம். கேட்டதற்கு அவர் சிரித்தாரே தவிர இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாமவர் ஓய்வு பெற்ற பதிவு அலுவலர். காகிதம் இல்லாத எந்தக் கல்லையும் தொட மாட்டார். அவரை சர்டிபிகேட் என்று அவர்களே கூப்பிடுவார்கள், அவர் இல்லாதபோது.

நான்கு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டப்பாக்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். ஒருத்தருக்காவது இன்னொருத்தர் கல் பிடித்து நான் பார்த்ததில்லை. ஒன்று துருவேறியது என்பார்கள், இல்லாவிட்டால் போலி என்பார்கள், அதுவும் இல்லாவிட்டால் விலை கொடுத்து ஏமாந்தது என்பார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே அதை எப்படித் தங்கள் டப்பாவுக்குக் கொண்டுபோவது என்று கண்ணாலேயே அளப்பார்கள். கால் கிராமுக்கு அரை கிராம் மாற்றிக்கொள்ள இரண்டு மணி நேரம் வழக்கு நடக்கும். குழந்தைகள் கோலிக்குண்டு மாற்றிக்கொள்வதில்கூட இதைவிடக் கண்ணியம் இருக்கும். நான் டீ வைத்துவிட்டு ஏதாவது சொன்னால், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று இவர் சொல்வார், மற்ற மூவரும் அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போவார்கள்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அந்தப் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பருத்த ஆளின் கையில் நரம்பு கிடைக்காமல் தட்டிக்கொண்டிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம். கண்ணாடிக் குழாய்கள் தாங்கியில் கடகடத்தன. லாரி டயர் வெடித்திருக்கும் என்றார் அந்த ஆள். பன்னிரண்டு மணிக்கு வாசலில் இவருடைய கார் வந்து நின்றது. இவர் அம்மா இறந்த அன்றைக்குக்கூட, உட்கார்ந்திருந்த வாடிக்கையாளருக்குக் கண் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் கடையை மூடினார். இன்றைக்கு நடுப்பகலில் மூடிவிட்டு வந்திருந்தார்.

நாற்பது நிமிட தூரத்தில் ஒரு சலவைக் கடையின் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு கல் ஒன்று விழுந்திருக்கிறது, யாரோ போனில் படம் போட்டிருக்கிறார்கள் என்றார். அது மட்டுமில்லை, கடைக்காரி புருஷன் மேல் பட்டிருக்கிறதாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை வீட்டுக்குள் ஓடி வருமே, அந்த முகம். மனிதன் மேல் பட்ட கல் உலகத்திலேயே அபூர்வமாம். நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றப் போனேன். வேண்டாம், அப்படியே வா என்றார்.

ஏன் போனேன் என்று கேட்டால் நேர்மையான பதில், பார்க்கிற ஆசை. அவரைத் திட்டுவதற்கு எனக்கு இருக்கிற வாய், அவரோடு கிளம்பாமல் இருப்பதற்கு இருந்ததில்லை.

காரில் என் காலடியில் அவருடைய பை. உள்ளே காந்தம், சின்னத் தராசு, உருப்பெருக்கிக் கண்ணாடி. கைக்குட்டையில் சுற்றிய இன்னொன்றும் கனமாக இருந்தது. பிரித்தேன். இரும்பு உருக்கும் ஆலைகளில் கொட்டுகிற கசடு. கறுப்பாக, குமிழ் குமிழாக. இது எதற்கு என்றேன். ஒப்பிட்டுக் காட்ட என்றார். எதை எதோடு ஒப்பிட என்பது எனக்கு இரண்டு சிக்னல் தாண்டித்தான் உறைத்தது.

“நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம்,” என்றார் ரோட்டைப் பார்த்தபடி. “நான் சொல்றப்போ தலைய ஆட்டினா போதும். கோட்டு போட்ட பொம்பளை பக்கத்துல நின்னா அவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்.”

அந்தச் சலவைக் கடை ஒரே நீள அறை. இரண்டு இஸ்திரி மேஜைகள், சுவரோரம் நீராவிக் குழாய், மேலே கம்பி முழுக்கத் தொங்குகிற சட்டைகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் குத்திய சீட்டு. மூட்டைகள் இடுப்புயரம். கூரையில் கிழிந்த ஓட்டை வழியாக வெயில் தரையில் வட்டமாக விழுந்திருந்தது. அந்த வட்டத்துக்குப் பக்கத்தில், நாற்காலியில், வலது கையைத் தூளிபோல் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு இஸ்திரிக்காரர் உட்கார்ந்திருந்தார். கடைக்காரியின் புருஷன் அவர்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே காறை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போயாகிவிட்டது, அக்கம்பக்கமும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது. கடைக்காரி நாற்பது வயதிருக்கும், முன்கை இரண்டும் வெந்து சிவந்தவள். நாங்கள் உள்ளே வந்தபோதும் போர்வை மடிப்பதை நிறுத்தவில்லை.

இவர் நேராக இஸ்திரிக்காரரிடம் போய்க் குனிந்து, எங்கே பட்டது, இங்கேயா, இன்னும் கொஞ்சம் கீழேயா, வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு நிமிர்ந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்தது அன்றுதான். உச்சுக் கொட்டினார். இது எங்கேயோ ஆலைப் புகைபோக்கி வெடித்துத் தெறித்த கசடு, இப்படி முன்னாலும் நடந்திருக்கிறது, உள்ளே இருக்கிற உலோகம் உடம்புக்கு ஆகாது, வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றார். கைக்குட்டையைப் பிரித்துத் தன் கசடைக் காட்டினார். கல்லைத் தானே கொண்டுபோய்ப் பத்திரமாகப் புதைத்துவிடுவதாகவும், ஓட்டை விழுந்த தகரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுத் தகரம் தன் செலவிலேயே போட்டுத் தருவதாகவும், ரத்தம் பட்ட சட்டையைக் கொடுத்தால் அதையும் எரித்துவிடுவதாகவும் சொன்னார். இஸ்திரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்றார்.

“இவங்க லேப்ல இருக்காங்க,” என்று இவர் என்னைக் காட்டினார். “இவங்களுக்குத் தெரியும்.”

கடைக்காரி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். மாடு ஆட்டுவதுபோல.

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒன்றரைக் கிலோ வந்து நின்றார். இவரைக் கண்டதும் முகம் ஒரு கணம் புளித்தது. அப்புறம் முன்பின் தெரியாதவர்போல வணக்கம் சொன்னார். என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டார். கசடு என்று இவர் சொன்னதாகக் கடைக்காரி சொன்னாள். ஒன்றரைக் கிலோ ஒரு நொடி யோசித்தார். கசடேதான், சந்தேகமே இல்லை, தான் ரோடு போடுகிறவர்களுக்கு இதையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்புகிறவன், இதை எடுத்துக்கொண்டு கூரை முழுவதையுமே மாற்றித் தருகிறேன் என்றார். அடுத்து பல் டாக்டர், கழுத்தில் நோயாளிக்குக் கட்டுகிற முகமூடி தொங்க, மூச்சிரைத்துக்கொண்டு வந்தார். அவரும் கசடு என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கசடு வெகுநாளாகத் தேடுகிறாராம். கொடுத்தால் கூரையோடு தோள்பட்டை வைத்தியச் செலவும் தன்னுடையது என்றார். கடைசியாக சர்டிபிகேட். அவர் ஆட்டோவில் வந்திருந்தார். கசடாகவே இருந்தாலும், இன்ன நாள் இன்ன நேரம் இன்னார் மேல் விழுந்தது என்று கடைக்காரி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்.

ஒரு குப்பைக்கு நான்கு பேர் ஏலம் கேட்கிறார்கள். குப்பை அள்ள வந்த நால்வர் காலிலும் பளபளவென்று பூட்ஸ். ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் கொடுக்க முடியாது. கொடுத்தால் விலை ஏறிவிடும். ஒருத்தர் பொய்க்கு இன்னொருத்தர் சாட்சி. பத்தொன்பது வருடத்தில் அந்தச் சங்கம் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்து நான் கண்டது அந்த அரை மணி நேரம்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஐந்தாவது ஆள் நான்தான்.

கல்லைப் பார்க்க வேண்டும் என்றார் சர்டிபிகேட். கடைக்காரி போர்வையை வைத்துவிட்டு உள்ளே போனாள். மெல்லிய துணிகளைப் போட்டுத் துவைக்கிற வலைப்பை ஒன்றோடு வந்தாள். அதற்குள் கைப்பிடி அளவில் அந்தக் கல். மேஜை மேல் வைத்தாள். பையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“கரி மாதிரி அப்பிக்கிட்டு இருந்துச்சு,” என்றாள். “துணியெல்லாம் அழுக்காயிடும்னு சோப்புப் போட்டு பிரஷ்ல தேச்சேன். போகல. அப்புறம் கொஞ்சம் பிளீச் ஊத்தி ஊறப் போட்டேன்.”

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியாது. நால்வருக்கும் ஒரே தேள். விழுந்த சூட்டோடு கிடைக்கிற கல்லின் கறுத்த மேல்தோல்தான் இவர்களுக்கு உயிர். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று முன்னறையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பேசியிருக்கிறார்கள். பல் டாக்டர் பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சர்டிபிகேட் கடைக்காரிக்கு நீட்டத் திறந்து வைத்திருந்த பேனாவை மூடினார். ஒன்றரைக் கிலோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் மெல்ல, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, “ஐயோ” என்றார்.

கடைக்காரி ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். அவசரமே படவில்லை. கறை எப்படிப்பட்டது என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவளின் பார்வை.

“கசடுதானே சார்,” என்றாள். “கழுவினா என்ன?”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. இது என்ன?”

இவர் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

“நான் ரத்தம் பாக்கறவ. கல்லைப் பத்தி எனக்குத் தெரியாது,” என்றேன். “ஆனா இவர் என் வீட்டுக்காரர். பத்தொம்பது வருஷத்துல எங்க வீட்ல ஒரு ஆணி அடிச்சதில்ல. அவர் உங்களுக்குக் கூரை மாத்தித் தரேங்கறார்னா, இது கசடா இருக்க வழியில்ல. வானத்துலேர்ந்து விழுந்த கல்லு. பல்கலைக்கழகத்துல இதுக்குன்னு ஆள் இருக்காங்க, அவங்களக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் குடுக்காதீங்க. மறுபடி கழுவாதீங்க.”

கடைக்காரி வலைப்பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அந்த நால்வருக்கும் அவளுடைய கோபம்கூடக் கிடைக்கவில்லை.

“இங்க டோக்கன் இல்லாம எதையும் வெளியே குடுக்கறதில்ல சார்,” என்றாள். “வழிய விடுங்க, வேலை கிடக்குது.”

உதவி பண்ண வந்தவர்களை ஏன் விரட்டுகிறாய் என்று இஸ்திரிக்காரர் நாற்காலியிலிருந்தே அவளைக் கடிந்துகொண்டார். நாங்கள் வெளியேறும்வரை அவர் இவரைப் பார்த்து இடது கையால் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் இவர், “ஒரு பத்து நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?” என்றார்.

“அரை மணி நேரம் இருந்தேனே,” என்றேன்.

மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தாராம். சோப்பு மேல்தோலைத்தான் கெடுத்திருக்கிறது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி, ஆராய்ச்சிக்கு ஒரு துண்டை ரசீது கொடுத்து எடுத்துக்கொண்டாராம். மிச்சத்தை, ஓட்டை விழுந்த தகரத்தோடு சேர்த்து, கடைக்காரி வெளிநாட்டில் ஏலம் விடுகிற ஒரு நிறுவனத்தின் மூலம் விற்றாள். அந்தப் பணத்தில் புதுக் கூரையும், விரிப்பு முழுவதையும் ஒரே அழுத்தில் தேய்க்கிற இயந்திரமும் வாங்கினாள். இதையெல்லாம் அவள் வாயாலேயே கேட்டேன். என் வெள்ளைக் கோட்டுகளைச் சலவைக்கு அங்கேதான் இப்போது போடுகிறேன், நாற்பது நிமிடம் ஆனாலும்.

சங்கம் கூடி, உறுப்பினர் அல்லாத ஒருவரைக் களத்துக்கு அழைத்து வந்த குற்றத்துக்காக என் வீட்டுக்காரரை ஆறு மாதம் விலக்கி வைத்தது. மற்ற மூவரும் அங்கே சொன்ன பொய் எதுவும் தீர்மானத்தில் இல்லை. சர்டிபிகேட் அதைத் தட்டச்சு செய்து பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். இவர் அந்தக் கடிதத்தை நாலைந்து தரம் படித்தார், சாப்பிடவில்லை. கல்யாணத்தில் எனக்கு நகை குறைந்தபோதுகூட அவர் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

விலக்கு முடிந்து சேர்த்துக்கொண்டபோது கூட்டம் ஒன்றரைக் கிலோ வீட்டில். மனைவிமாரையும் அழைத்திருந்தார், காரணத்தோடுதான். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சட்டை, தோள் பக்கத்தில் சிவப்புக் கறை, கீழே பித்தளைத் தகடு. விண்கல் பட்ட மனிதனின் சட்டை. கடைக்காரியிடம் பத்து முறை நடந்து வாங்கினாராம். மூவரும் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். நானும் பார்த்தேன். இருபது வருடமாக எனக்கு ரத்தத்தோடுதான் குடித்தனம். துணியில் பட்ட ரத்தம் ஒரே வாரத்தில் பழுப்பாகிவிடும். ஆறு மாதம் கழித்து அப்படிச் செக்கச்செவேல் என்று இருக்காது. அடுத்த முறை கோட்டுகளை வாங்கப் போனபோது கடைக்காரியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அவர் சட்டைய அன்னிக்கே துவைச்சுட்டேன் அக்கா,” என்றாள் சீட்டுக் குத்திக்கொண்டே. “துணி துவைக்கறவ வீட்ல கறையோட சட்டை தொங்குமா? யாரோ வாங்காமப் போன சட்டை ஒண்ணு கிடந்துச்சு. அந்த சார் விடாம வந்து கேட்டுக்கிட்டே இருந்தார்.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட. சொன்னால் இவருக்குச் சந்தோஷமாகிவிடும்.

இவர் கடைசியில் அந்தக் கல்லில் ஒரு துணுக்கு வாங்கினார். ஏலத்தில் எடுத்த வெளிநாட்டு வியாபாரி அறுத்து விற்றதில், அரை கிராமுக்கும் குறைவாக. நாற்பது நிமிட தூரத்தில் விழுந்தது இரண்டு கடல் சுற்றி வந்திருந்தது. டப்பாவைத் திறந்து உருப்பெருக்கியை என்னிடம் கொடுத்தார். சாம்பல் நிறத்தில், கடுகு கடுகாக உருண்டை மணிகள், நடுநடுவே மின்னுகிற உலோகப் பொட்டுகள். பூமியைவிட வயதானது என்றார். அழகாகத்தான் இருந்தது. அந்த வயதுள்ள ஒரு பொருள் கடைசியில் இந்த ஆட்கள் கையில் வந்து சிக்க வேண்டுமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமைகளில் நான் கண்ணாடிக் கடையில் உதவுவேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, வாசலில் இஸ்திரிக்காரர். நான் அவரை அடையாளம் கண்டுகொள்வதற்குள் இவர் கண்டுகொண்டு, பின்னால் கண்ணாடி தேய்க்கிற அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். இஸ்திரிக்காரருக்கு வலது கை தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. தேய்ப்பதை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, அவர் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறார். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றார். சாரோட கடை இதுதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இவர் சொல்லிக் கொடுத்திருந்தபடி நான் கண் பார்த்து அளவு எழுதிக்கொண்டேன்.

“சார் இல்லீங்களா?” என்றார். “அன்னிக்கு அத்தனை பேர் வந்தாங்கம்மா. எல்லாரும் ஓட்டையத்தான் பாத்தாங்க. சார் ஒருத்தர்தான் முதல்ல என்கிட்ட வந்து எங்க பட்டது, வலிக்குதான்னு கேட்டார். என் சம்சாரம் என்னென்னமோ சொல்றா. எனக்கு அது மறக்கல.”

கேட்டது உண்மைதான். எந்த இடத்தில் பட்டது என்பது சீட்டில் எழுதத் தேவை. அதை நான் சொல்லவில்லை. அறைக் கதவுக்குப் பின்னால் இயந்திரம் ஓடவில்லை; மூச்சுச் சத்தம்கூட இல்லை. சார் வெளியே போயிருக்கிறார் என்றேன், திங்கட்கிழமை கண்ணாடி தயாராகிவிடும் என்றேன். அவர் கிளம்பி, பஸ் நிறுத்தம் வரை நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு ஒரு விரல்கடை திறந்தது.

“போயிட்டானா?” என்றார் இவர்.

“போயிட்டார்,” என்றேன்.

அவர் வெளியே வரவில்லை. நான் எழுதி வைத்திருந்த அளவுச் சீட்டைக் கதவிடுக்கு வழியாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தேய்க்கிற இயந்திரம் ஓடத் தொடங்கியது. கடை மூடுகிற நேரம் தாண்டியும் ஓடியது. ஒரு தரம் தேய்த்ததைச் சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தேய்த்தார்.

திங்கட்கிழமை இஸ்திரிக்காரர் வந்தபோது, என்னை லீவு போடச் சொல்லிக் கடையில் உட்கார வைத்துவிட்டு, வங்கியில் வேலை இருப்பதாகச் சொல்லி இவர் போயிருந்தார். கண்ணாடியை நான்தான் மாட்டிவிட்டேன். ஒரு காது கொஞ்சம் மேலே இருந்தது. கம்பியை வளைத்துச் சரி செய்தேன். கிட்டத்தில் வைத்துப் படிக்கிற எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தேன். மேல் வரியிலிருந்து ஆரம்பித்து, எறும்பளவு எழுத்துள்ள கடைசி வரிவரை, ஒன்று விடாமல், சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.